யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

2013-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி "சூது கவ்வும்" என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. ஆள் கடத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவனையும், அவனோடு சேர்ந்துகொள்ளும் வேலையற்ற மூன்று வாலிபர்களையும் பற்றிய சிரிப்புப் படம். நலன் குமரசாமி என்ற டைரக்டருக்கு அதுவே முதல் படம். விஜய் சேதுபதி கதாநாயகன். படம் நன்றாக ஓடியது. பத்து வருஷங்களுக்கு மேலாகியும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாலிபர்கள் அதன் வசனங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

படம் வெளிவந்த தேதியைக் கவனியுங்கள். அதற்குச் சரியாகத் தொண்ணூறு வருஷங்களுக்கு முன்னால், 1923-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி, இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஹைகோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம்; திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். மே தினத்தை விடுமுறை நாளாக்க வேண்டும் என்று அன்று தீர்மானம் போட்டார்கள். அந்த விடுமுறை பின்னாளில் கிடைத்தது. விடுமுறை என்றால் வசூல் என்று பட முதலாளிகளுக்குத் தெரியும். ஆகவே தொழிலாளி கேட்டு வாங்கிய விடுமுறை நாளில், தொழிலாளியின் மகன் டிக்கட் வாங்கிக்கொண்டு போய், வேலையே வேண்டாம் என்று சொல்லும் கதாநாயகனைப் பார்த்துக் கைதட்டினான்.

இதைச் சொன்னவுடன் நாம் சினிமாவைத் திட்டப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். நாமும் அந்தப் படத்தைப் பார்த்தோம். நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று யோசித்தோம். அந்த யோசனையைத்தான் வாசகர்கள் முன் வைக்கிறோம்.

டீக்கடையில் கேட்ட பேச்சு

அண்மையில் ஒரு நாள் விடியற்காலை, எண்ணூர் நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் வரிசை கட்டி நின்றன. இரவு ஷிப்டு முடிந்து வந்த நாலைந்து வாலிபர்கள் ஒரு செல்போனைச் சுற்றி நின்றுகொண்டு இந்தப் படத்தின் ஒரு காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் காண்ட்ராக்ட் தொழிலாளிகள். அவர்களில் ஒருவன் மூன்றாவது வருஷமாக "பயிற்சி" பெறுகிறான். என்ன பயிற்சி என்று கேட்டோம். பக்கத்தில் நிற்கும் நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலைதான் என்றான். சம்பளம் மட்டும் வேறு.

"இன்னா தோழர், நீங்களும் சிரிக்கிறீங்கோ?" என்று அவன் நம்மைப் பார்த்துக் கேட்டான். நல்ல படமாயிற்றே, சிரிக்கக் கூடாதா என்றோம். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "தாஸ் அண்ணனாவது அஞ்சு ரூல் வச்சிக்கினு தொழில் பண்றாரு. எங்க காண்ட்ராக்டருக்கு ஒரு ரூலும் கிடையாது."

கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு படத்தைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடான விமர்சனத்தை நாம் படித்ததில்லை.

கதை என்ன?

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். தாஸ் என்பவன் ஆள் கடத்துகிறவன். ஆனால் கண்டபடி கடத்துகிறவன் இல்லை. அவனுக்கு ஐந்து விதிகள் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்கள் பக்கமே போகக்கூடாது என்பது அவற்றில் முக்கியமானது. கொடுக்க முடிகிற அளவுக்குச் சிறு தொகையைக் கேட்பான். வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுவான். அவனுடைய காதலி அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிவாள். உண்மையில் அப்படி ஒருத்தி இல்லை.

அவனோடு சேரும் மூவரில் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவன். செய்யாத குற்றத்தைச் சுமத்தி அவனை வெளியே தள்ளிவிட்டார்கள். இன்னொருவன் பெரிய ஓட்டலில் வாடிக்கையாளர்களின் காரை நிறுத்தும் வேலை பார்த்தவன். ஆசைக்கு ஒரு தடவை ஒரு விலையுயர்ந்த காரை ஓட்டிப் பார்த்தான், வேலை போயிற்று. மூன்றாமவன் சினிமா நடிகைக்குக் கோயில் கட்டியதற்காக ஊரை விட்டு விரட்டப்பட்டவன்.

இவர்கள் தங்கள் முதல் விதியையே மீறி ஒரு மந்திரியின் மகனைக் கடத்துகிறார்கள். மந்திரி ஞானோதயம் நேர்மையானவர். லஞ்சம் கொடுக்க வந்தவனைப் பிடித்துக் கொடுத்தவர். எம்.எஸ். பாஸ்கர் அந்த வேஷத்தில் அருமையாக நடித்திருக்கிறார். மகனோ அப்பனிடமிருந்தே பணம் பறிக்கத் திட்டம் போடுகிறவன். கடைசியில் நடப்பது என்ன? நேர்மையான மந்திரி கட்சிக்குப் பணம் சேர்த்துத் தரவில்லை என்பதால் ஓரங்கட்டப்படுகிறார். பணத்தைச் சுருட்டிய மகன் பதவியில் உட்காருகிறான். இதைப் படம் அழுதுகொண்டு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறது.

ஏன் பிடித்தது?

நம்முடைய வாலிபர்களுக்கு இது ஏன் பிடித்தது? ரவுடித்தனத்தில் மோகம் வந்துவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று சிலர் சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். இந்தப் பதிலை நாம் ஒப்புக்கொள்ளவில்லை.

திருடன் கதையை ரசிப்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1954-ம் வருஷம் எம்.ஜி.ஆர். நடித்த "மலைக்கள்ளன்" வந்தது. பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்தான் கள்ளன். ஊரே கொண்டாடியது. அதற்கும் முன்னால், தெருக்கூத்தில் ராஜாவைப் பார்த்துக் கட்டியக்காரன் கேலி பேசும்போது, நாள் முழுதும் வயலில் குனிந்து நிமிர்ந்த கூலியாள் விடிய விடிய உட்கார்ந்து சிரித்தான். பகலில் பண்ணையாரிடம் பேச முடியாததை இரவில் கட்டியக்காரன் அவனுக்காகப் பேசினான். அடக்கப்பட்டவனுக்குச் சிரிப்பு ஒரு மூச்சு. அதை நாம் குறைத்துப் பேசக்கூடாது.

ஆனால் 1954-ம் வருஷத்துக் கள்ளனுக்கும் 2013-ம் வருஷத்துத் தாஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கள்ளன் ஊருக்குக் கொடுத்தான். தாஸ் யாருக்கும் கொடுப்பதில்லை; கொடுப்பதாகச் சொல்வதும் இல்லை. அவன் ஏழைப் பங்காளன் வேஷம் போடவில்லை என்பதே அவன் மேல் பிரியம் வரக் காரணம். அரை நூற்றாண்டுக் காலம் திரையில் ஏழைக்காகக் கண்ணீர் விட்டவர்கள் வெளியே எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். உபதேசம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காதுக்கு, உபதேசமே செய்யாத ஒருவன் ஆறுதலாக இருக்கிறான்.

இரண்டாவது காரணம், படத்தில் உள்ள வேலையில்லாத் திண்டாட்டம் நிஜமானது. படித்தவனுக்கும் வேலை நிலையில்லை, படிக்காதவனுக்கும் நிலையில்லை. காலையில் உண்டு, மாலையில் இல்லை. அந்த மூன்று வாலிபர்கள் அறையில் படுத்துக்கொண்டு பொழுதைப் போக்கும் காட்சியைப் பார்த்துத் தொழிற்பேட்டை வாலிபன் சிரிக்கிறான் என்றால், அவன் தன் அறையையே பார்த்துச் சிரிக்கிறான்.

மூன்றாவது காரணம், அடித்து நொறுக்குவதையே வேலையாகக் கொண்ட போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். அவர் இடுப்பில் செருகிய துப்பாக்கி வெடித்து அவரையே சுட்டுவிடுகிறது. கொட்டகை அதிர்ந்தது. எதற்காக அதிர்ந்தது என்பதை, இரவு நேரத்தில் ரோந்து போலீசாரால் நிறுத்தப்பட்டு, "எந்த ஏரியாடா?" என்று கேட்கப்பட்ட எந்த வடசென்னை வாலிபனும் சொல்வான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஐந்து விதிகள்! கடத்தல் தொழிலைத் தாஸ் ஒரு கம்பெனி நடத்துவது போல நடத்துகிறான். திட்டம் உண்டு, கட்டுப்பாடு உண்டு, பேரம் உண்டு. படத்திலேயே பெரிய சிரிப்பு இதில்தான் இருக்கிறது. டீக்கடை வாலிபன் பிடித்ததும் இதைத்தான். ஆள் கடத்துகிறவன் ஒரு தடவை பணம் கேட்கிறான்; வாங்கிக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறான். ஆள் பிடிக்கிற காண்ட்ராக்டரோ மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துக்கொள்கிறான், ஆளையும் விடுவதில்லை. முன்னவன் செய்வது குற்றம். பின்னவன் செய்வது வியாபாரம். 1970-ம் வருஷத்திலேயே காண்ட்ராக்ட் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் என்று ஒரு மத்தியச் சட்டம் வந்தது. சட்டத்தின் பெயரில் "ஒழிப்பு" என்ற சொல் இருந்தது. தொழிற்சாலை வாசலில் காண்ட்ராக்டரும் இருக்கிறார்.

இந்தச் சிரிப்பு வெளிநாட்டிலும் கேட்ட சிரிப்புத்தான். 1928-ம் வருஷம் பெர்லின் நகரில் பெர்டோல்ட் பிரெக்ட் என்ற ஜெர்மானிய நாடகாசிரியர் "மூன்று பென்னி இசைநாடகம்" என்ற நாடகத்தை மேடையேற்றினார். அதில் கொள்ளைக் கூட்டத் தலைவன் கையுறை போட்டுக்கொண்டு கனவானாக நடமாடுகிறான். பிச்சைக்காரர்களை வைத்துத் தொழில் நடத்தும் முதலாளி ஒருவனும் வருகிறான். கொள்ளைக்காரனுக்கும் வியாபாரிக்கும் அதிக தூரம் இல்லை என்று பிரெக்ட் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், யாரை அவர் குத்திக் காட்டினாரோ அந்தக் கனவான்களே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குத்தல் சதையில் ஏறவில்லை. சிரிப்புக்கு இப்படியும் ஒரு ஆபத்து உண்டு.

நம்மை எடுத்துக்கொண்டு, நம் வேலையை விட்டுவிட்டார்கள்

இனி நம் புகாருக்கு வருவோம்.

இந்த வகைப் படங்களின் பகட்டு எங்கிருந்து வந்தது? பேச்சு நம்முடைய பேச்சு. "சூது கவ்வும்" படத்தில் எல்லோரையும் ஆட வைத்த காசுப் பாட்டு கானாப் பாட்டு. பாடியவர் வடசென்னைக் கானா பாலா. சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடப்பட்டு வளர்ந்த அந்தப் பாட்டு இன்று படத்துக்கு மெருகு ஏற்றுகிறது. நல்லதுதான், நம் பாட்டுக்கு மேடை கிடைத்ததில் நமக்கும் பெருமைதான்.

ரவுடிக் கதாநாயகன் ஏறி வரும் புல்லட் மோட்டார் சைக்கிள் எங்கே உருவானது? 1955-ம் வருஷம் தொடங்கித் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிலாளியின் கையில் உருவானது. துரத்தல் காட்சியில் குறுக்கே வரும் லாரி எண்ணூர் அசோக் லேலண்டில் பூட்டப்பட்டதாக இருக்கலாம். இன்ஸ்பெக்டர் மாட்டியிருக்கும் காக்கிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளி. பகட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்து கொடுத்தவன் இங்கே இருக்கிறான். படத்தில் அவன் எங்கே?

1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இந்தியா முழுவதும் சொல்லப்படும் அந்தச் சங்கம் இந்தப் பின்னி ஆலைத் தொழிலாளர்களின் சங்கமே. திரு.வி.க.வும் வாடியாவும் பேசிய கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள் வந்தார்கள். 1996-ம் வருஷம் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு அந்தப் பாழடைந்த ஆலைக் கட்டிடங்கள் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போயின. எத்தனையோ படங்களில் கதாநாயகன் ரவுடிகளைத் தூக்கி எறியும் சண்டை அங்கேதான் எடுக்கப்பட்டது. உண்மையான போராட்டம் நடந்த ஆலையில் அட்டைப் பெட்டிகளை உடைத்துப் பொய்ச் சண்டை போட்டார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த இடம் என்று தெரியும்?

1856-ம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. ரயில், துறைமுகம், ஆலை, மீன்பிடி என்று நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக இந்த மாநிலத்தைச் சுமக்கும் வடசென்னையைச் சினிமா எப்போதெல்லாம் காட்டுகிறதோ, அப்போதெல்லாம் பெரும்பாலும் கத்தியோடுதான் காட்டுகிறது. எல்லோரையும் ஒரே தராசில் போட நாம் விரும்பவில்லை. 2014-ம் வருஷம் வந்த பா. ரஞ்சித்தின் "மெட்ராஸ்" படத்தில் வேலைக்குப் போகிறவன், பந்து விளையாடுகிறவன், சுவருக்காகச் சாகிறவன் எல்லோரும் இருந்தார்கள். 2018-ம் வருஷம் வந்த வெற்றிமாறனின் "வட சென்னை" படத்தில், சாலை போடுகிறோம் என்று சொல்லிக் கடலோர மக்களை அப்புறப்படுத்துவதை எதிர்க்கும் குரலும் கேட்டது. இவை வரவேற்க வேண்டியவை. ஆனால் இவை விதிவிலக்குகள்.

யார் ரவுடி?

இந்தச் சித்திரம் கொட்டகையோடு முடிந்து போவதில்லை. வேலைக்கு மனுப் போடும்போது விலாசத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களே, அங்கே அது தொடர்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் தொடர்கிறது.

1982-ம் வருஷத்திய தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனங்கள் குண்டர் சட்டம் என்கிறார்கள். விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம். 2004-ம் வருஷம் அந்தச் சட்டத்தில் புதிதாக ஒரு வகைக் குற்றவாளியைச் சேர்த்தார்கள். யாரை? திருட்டு வீடியோ விற்பவனை! துறைமுகத்தின் பக்கத்தில் பர்மா பஜாரில் திருட்டு சி.டி. விற்ற பையனுக்கும் குண்டனுக்கும் ஒரே சட்டம். படத்தில் ஆள் கடத்துகிறவன் கதாநாயகன். அந்தப் படத்தை சி.டி.யில் போட்டு விற்றவன் குண்டன். திருட்டு வீடியோவுக்கு நாம் பரிந்து பேசவில்லை. அதனால் சினிமாத் தொழிலாளியின் பிழைப்பும் கெடுகிறது. சட்டத்தின் பார்வை எங்கே கூர்மையாகிறது, எங்கே மங்குகிறது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனும் வலையும் படகும் நாசமாயின. ஊரையே விரட்டிய வாயுவுக்கும் எண்ணெய்க்கும் "விபத்து" என்று பெயர். குண்டர் என்ற சொல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிராமத்துத் தோழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டார்கள். விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனபோது மிராசுதார்கள் விடுவிக்கப்பட்டார்கள். காரும் நிலமும் உள்ள கௌரவமான மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பு பேசியது. பகட்டுக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள்! கோட்டும் காரும் இருந்தால் கொலைகாரனும் கனவான். லுங்கியும் வடசென்னை விலாசமும் இருந்தால் டீ குடிக்கிறவனும் சந்தேகத்துக்கு உரியவன். நிஜ உலகத்தில் பகட்டான ரவுடி யார் என்பதைச் சினிமா இன்னும் சரியாகக் காட்டவில்லை.

பாதிக் கதை

"சூது கவ்வும்" என்ற பெயர் மகாகவி பாரதியின் பாஞ்சாலி சபதத்திலிருந்து எடுத்தது. பாரதி அந்த இடத்தில் சூதின் கொட்டத்தோடு நிறுத்தவில்லை. அறம் மறுபடியும் எழும் என்பதையும் சேர்த்தே சொன்னார். படம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை விட்டுவிட்டது.

மறு பாதியை விட்டதற்காக டைரக்டரோடு நாம் சண்டைக்குப் போகவில்லை. கடைசிக் காட்சியில் தர்மத்தைக் கூப்பிட்டு வந்து ஜெயிக்க வைப்பது பழைய பித்தலாட்டம். நேர்மையான மந்திரி தோற்றதாகக் காட்டியது உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் அவர் ஏன் தோற்றார்? தனியாக நின்றார், அதனால் தோற்றார். தாஸும் தனியன்தான், அவனுக்குத் துணையாக இருப்பது அவன் மனதில் மட்டும் இருக்கும் ஒரு பெண். கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபனை அநியாயமாக வெளியே தள்ளியபோது பக்கத்து நாற்காலிக்காரன் ஒருவனும் எழுந்து ஏன் என்று கேட்கவில்லை. ஓட்டல் வாலிபனுக்காகவும் ஒருவரும் வரவில்லை. படம் முழுவதும் தேடினாலும் நாலு பேர் கூடி ஒரு நியாயம் கேட்கும் காட்சி இல்லை. நேர்மையாக இருந்து ஏமாளியாவது அல்லது சூது செய்து பிழைப்பது என்ற இரண்டு வழிகளை மட்டும் காட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே நம்மை வெளியே அனுப்புகிறது. சிரிப்பு அடங்கியதும் உள்ளே தங்குவது என்ன? "நேர்மை பைத்தியக்காரத்தனம்" என்ற ஒரு கசப்பு. அந்தக் கசப்பு காண்ட்ராக்டருக்கு மிகவும் சௌகரியமானது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்குத் தூரத்தில் சாட்சி தேட வேண்டாம். 2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில், தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்து எழுந்தன. ஆளும் கட்சியோடு இருந்த சங்கமும் சும்மா இருக்கவில்லை. பத்தே நாட்கள். மே 1-ந் தேதி, முதல் மே தினத்துக்குச் சரியாக நூறு வருஷம் நிறைந்த அன்று, அந்தச் சட்டம் வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதில் கறுப்புக் கண்ணாடி இல்லை, பின்னணி இசை இல்லை, மெதுவாக நடந்து வரும் கதாநாயகன் இல்லை. ஆனால் எட்டு மணி நேர வேலை மிஞ்சியது.

நம் பக்கத்துக் குறை

இவ்வளவும் சொன்ன பிறகு நம் பக்கத்துக் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த வெற்றியைப் பற்றி டீக்கடை வாலிபர்களிடம் கேட்டோம். ஒருவனுக்குத்தான் லேசாக ஞாபகம் இருந்தது. தாஸின் ஐந்து விதிகளோ எல்லோருக்கும் மனப்பாடம்! இது யார் குற்றம்? அவர்கள் குற்றம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

1960-ம் வருஷம் "பாதை தெரியுது பார்" என்ற படம் வந்தது. நிமாய் கோஷ் டைரக்ட் செய்தார், எம்.பி. சீனிவாசன் இசை அமைத்தார். தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன படம். இந்த இருவரும் சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர்கள். மதிப்பும் பாராட்டும் கிடைத்த அந்தப் படம் கொட்டகைகளில் ஓடவில்லை. வினியோக முதலாளிகளின் கை அதில் உண்டு என்று அன்றே பேசினார்கள். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு அறுபது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. நம் கூட்டங்களில் எத்தனை தடவை ஜனங்கள் மனம்விட்டுச் சிரித்திருக்கிறார்கள்? காண்ட்ராக்டரை ஒரே வாக்கியத்தில் உரித்துக் காட்டிய அந்த டீக்கடை வாலிபனை எந்த வாயில் கூட்டத்தில் பேச விட்டோம்? அவனுக்கு மைக் கொடுக்காமல் நாமே ஒன்றரை மணி நேரம் பேசினோம். கட்டியக்காரனைக் கூத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டு ராஜா மட்டும் பேசினால் கூத்துக்கு யார் வருவார்கள்?

ஆகவே படம் பார்க்காதே என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், சிரியுங்கள். 1967-ம் வருஷம் தொடங்கி 2020-ம் வருஷம் மூடப்பட்ட தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் நாமும் விசிலடித்தவர்களே. ஆனால் வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: யாரைப் பார்த்துச் சிரித்தோம்? இன்ஸ்பெக்டரைப் பார்த்தா, பதவியில் உட்கார்ந்த திருட்டு மகனைப் பார்த்தா, அல்லது நேர்மையாக இருந்த கிழவனைப் பார்த்தா? முதல் இரண்டும் நம் சிரிப்பு. மூன்றாவது நம் வாயில் வைத்துச் சிரிக்கப்பட்ட அடுத்தவன் சிரிப்பு.

அந்த வாலிபன் இன்னும் "பயிற்சி"யில்தான் இருக்கிறான். அவன் சொன்ன ஐந்து ரூல் பேச்சு இப்போது அவன் தொழிற்சாலையில் எல்லோர் வாயிலும் இருக்கிறதாம். காண்ட்ராக்டருக்கு நாமே ஐந்து விதிகள் எழுதிக் கொடுத்தால் என்ன என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்களாம். சம இரண்டு வேலைக்குச் சமக் கூலி என்பது முதல் விதியாம். மற்ற நான்கையும் எழுதி முடிக்கட்டும். நாமும் உடன் இருப்போம்.

அடுத்த மே தினத்துக்கும் ஏதாவது ஒரு படம் வரத்தான் செய்யும். காலையில் கொடியேற்றம், மாட்டினிக்கு டிக்கட் எடுத்துக்கொள்ளலாம். விடுமுறை நாம் வாங்கியது. இரண்டுக்கும் அதில் நேரம் இருக்கிறது.